எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?
இணையதளங்களை அடைக்கும் கம்பெனிகளும் நம் கடைகளும்



தராசு, படிக்கல், பேரேடு, கல்லாப்பெட்டி ஆகிய நான்கும் இருந்தால் மளிகைக் கடை நடத்திவிடலாம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று ஐந்தாவதாக இணைய இணைப்பு ஒன்றும் வேண்டியிருக்கிறது. நம் தாம்பரம் பகுதியில் ஜி.எஸ்.டி. என்றால் முன்பு சாலையின் பெயர். 2017 ஜூலை 1 முதல் அதுவே வரியின் பெயரும் ஆயிற்று. அந்த வரிக்கான கணக்கை இணையத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்பவும் இ-வே பில் போட வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லையும் 2023 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் பதிந்தாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிப்பதும் இணையத்தில்தான். கால் கிலோ துவரம் பருப்பு வாங்க வருபவர்கூட கையில் காசு கொண்டு வருவதில்லை. க்யூ.ஆர். அட்டை எங்கே என்று கேட்கிறார்.

இந்த நிலையில் லைன் அறுந்து போனால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மழைநீர் வடிகால் தோண்டும்போது பைபர் வயர் துண்டாவதும், கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் வயரை லாரி இழுத்துக்கொண்டு போவதும் முடிச்சூர் சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் கடை வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயங்கள். ஆள் வருவார், ஒட்டுப் போடுவார், லைன் வந்துவிடும்.

ஆனால் வேறொரு தொல்லை இருக்கிறது. ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறது, மற்ற தளங்கள் திறக்கின்றன, நமக்கு வேண்டிய ஒரு தளம் மட்டும் திறப்பதில்லை. சில சமயம் அரசு உத்தரவுப்படி தடுக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. பல சமயம் அதுவும் வருவதில்லை. யார் அடைத்தார், எதற்காக அடைத்தார், யாரைக் கேட்பது என்று ஒன்றும் புரிவதில்லை. இந்தத் தொல்லையைப் பற்றித்தான் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

யாருக்கு அடைக்கும் அதிகாரம் உண்டு?

இணைய இணைப்பு தரும் கம்பெனி மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் வாங்கித் தொழில் செய்கிறது. ஒரு தளம் பிடிக்கவில்லை என்பதற்காக அதை அடைக்க அக்கம்பெனிக்கு உரிமை கிடையாது. ஒரு தளத்துக்கு ஒரு கட்டணம், இன்னொரு தளத்துக்கு வேறு கட்டணம் என்று வாங்கக் கூடாது என 2016 பிப்ரவரியில் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற கொள்கையை 2018 ஜூலையில் மத்திய அரசும் ஏற்றுக்கொண்டு உரிம நிபந்தனைகளில் சேர்த்தது.

ஆகவே அடைப்பதற்கான உத்தரவு இரண்டு இடங்களிலிருந்துதான் வர வேண்டும். ஒன்று மத்திய அரசு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் 2009-ஆம் ஆண்டு விதிகளும் அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகின்றன. நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்கள் இருக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அவசர நேரம் தவிர, தளத்தை நடத்துபவருக்கு நோட்டீஸ் கொடுத்து 48 மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும். இந்தப் பிரிவு செல்லும் என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, இந்தப் பாதுகாப்புகள் இருப்பதையே முக்கிய காரணமாகக் காட்டியது. மற்றொன்று நீதிமன்றம். புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் போடுவதைத் தடுக்கக் கோரித் தயாரிப்பாளர்கள் வாங்கும் உத்தரவுகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் தொல்லை ஏன் வருகிறது? உத்தரவு எழுதப்படும் இடத்துக்கும் அது நிறைவேற்றப்படும் இடத்துக்கும் இடையில்தான் கோளாறு நடக்கிறது.

உத்தரவு ஒரு கடைக்கு, அடைப்பு தெருவுக்கு

மேற்படி கோளாறு இன்று நேற்று வந்ததல்ல. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2003 செப்டம்பரில், மேகாலயாவைச் சேர்ந்த ஒரு தீவிரவாத இயக்கம் யாஹூ நிறுவனத்தின் தளத்தில் நடத்திவந்த ஒரே ஒரு குழுவை அடைக்குமாறு அரசு கூறியது. அந்த ஒன்றை மட்டும் அடைக்கத் தெரியாமல், யாஹூவில் இருந்த அத்தனை குழுக்களையும் கம்பெனிகள் சேர்த்து அடைத்துவிட்டன. தொழில், படிப்பு, ஊர்ச் சங்கம் என்று நடந்துகொண்டிருந்த குழுக்கள் எல்லாம் நின்றுபோயின.

2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு இருபதுக்கும் குறைவான பக்கங்களை அடைக்க உத்தரவு போயிற்று. அப்போதும் பிளாக்ஸ்பாட் போன்ற தளங்கள் முழுவதையும் பல கம்பெனிகள் அடைத்தன. சொன்னதை மட்டும் அடையுங்கள் என்று தொலைத்தொடர்புத் துறை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

நமது சென்னையிலேயே நடந்தது 2012-இல். '3' என்ற தமிழ்ப் படத்துக்கும் 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்கும் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கப்பட்டது. எதிர்வாதிகளில் இணையக் கம்பெனிகளோடு, பெயர் தெரியாத நபர்களும் இருந்தனர். அவ்வாண்டு மே மாதம் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் முதலிய தளங்கள் நாடெங்கும் பலருக்குத் திறக்கவில்லை. கல்யாண வீடியோ போட்டு வைத்தவர், பயிற்சிப் படம் போட்டு வைத்தவர் எல்லாரும் திருட்டுப் படம் போட்டவரோடு சேர்த்து அடைபட்டார்கள். ஜூன் 22-ஆம் தேதி அதே உயர் நீதிமன்றம், தடை திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும்தான், தளம் முழுமைக்கும் அல்ல என்று தெளிவுபடுத்தியது. அந்த முகவரியைத் தெரிவித்த 48 மணி நேரத்துக்குள் கம்பெனிகள் அதை அடைக்க வேண்டும் என்றும் கூறியது. நம் வாதத்துக்கு ஆதாரமாக நிற்கக்கூடிய உத்தரவு இது.

ஆனாலும் பழக்கம் மாறவில்லை. 2014 டிசம்பரில் தீவிரவாதப் பிரசாரம் இருப்பதாகக் கூறி 32 தளங்களை அடைக்க உத்தரவு போயிற்று. அதில் கிட்ஹப் என்ற தளமும் இருந்தது. உலகெங்கும் சாப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் சரக்கை வைத்திருக்கும் கிடங்கு அது. 2016-இல் 'கபாலி' படம் வெளிவருமுன் 225 தளங்களை அடைக்கும்படி 169 கம்பெனிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-இல் இரண்டு இந்திப் படங்களுக்காக வாங்கிய உத்தரவுகளில் 2,600-க்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பெரிய நூலகமும் அகப்பட்டுக்கொண்டது. பழைய தமிழ் நூல்கள் பல அங்கேதான் படிக்கக் கிடைக்கின்றன. 2,600 முகவரியை யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள் என்பதை நண்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2022-இல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கடையில் கேமரா பதிவுகளைப் போட்டுப் பார்க்கப் பலரும் பயன்படுத்தும் வி.எல்.சி. என்ற இலவச சாப்ட்வேரின் தளம் அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே நம் நாட்டில் பல லைன்களில் திறக்கவில்லை. அதை நடத்தும் பிரான்ஸ் நாட்டு அமைப்புக்கு எந்த நோட்டீசும் வரவில்லை. அவர்கள் அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். நவம்பரில் தடை நீங்கியது. பிரான்சில் இருப்பவர் நோட்டீஸ் அனுப்பும் வரையில் இங்கே யாரும் விளக்கம் சொல்லவில்லை.

இந்த நிகழ்ச்சிகளில் அடைக்க நினைத்தது ஒன்று, அடைபட்டது பல. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

திருட்டுப் படம் போடுபவரை அடைக்கக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. திருட்டு வி.சி.டி. ஓடிய காலத்தில் தியேட்டர்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். படமும் ஒருவருடைய சரக்குதான். மோசடித் தளங்களையும் அடைக்கத்தான் வேண்டும். கலப்பட மிளகாய்த்தூள் விற்றவன் கடைக்கு அதிகாரி சீல் வைத்தால் நாமே பாராட்டுவோம். ஆனால் அதே தெருவில் நேர்மையாக விற்கும் நாற்பது கடைக்கும் சேர்த்துச் சீல் வைத்தால் சும்மா இருப்போமா?

எப்படி அடைக்கிறார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால்தான் கம்பெனியிடம் பேச முடியும். ஆகவே நம் தொழிலை வைத்தே விளக்குகிறோம்.

நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியவுடன், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்று கம்பெனியின் முகவரிப் புத்தகத்தில் கம்ப்யூட்டர் தேடுகிறது. இதற்கு டி.என்.எஸ். என்று பெயர். அந்தப் புத்தகத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டாலோ, தவறான எண்ணை எழுதிவிட்டாலோ தளம் திறக்காது. இது முதல் வழி, சுலபமான வழி.

இரண்டாவது வழி எண் முகவரியையே அடைப்பது. இது ஆபத்தானது. ஒரே வணிக வளாகத்தில் ஐம்பது கடை இருப்பதுபோல, ஒரே எண் முகவரியில் பல தளங்கள் வாடகைக்கு இருக்கும். வளாகத்தின் கேட்டைப் பூட்டினால் ஐம்பது கடையும் மூடின மாதிரிதான்.

மூன்றாவது வழி, போகும் பார்சலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துத் தடுப்பது. முன்பெல்லாம் தளங்கள் திறந்த அஞ்சலட்டை மாதிரி இருந்தன. எந்தத் தளத்தில் எந்தப் பக்கம் என்பது வரை கம்பெனி படிக்க முடிந்தது. இப்போது பெரும்பாலான தளங்கள் ஒட்டிய உறைக்குள் வருகின்றன. முகவரியின் தொடக்கத்தில் பூட்டுப் படம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உறையின் மேல் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. அந்தப் பூட்டு நம் வங்கிக் கணக்கைக் காப்பாற்றுகிறது, அது வேண்டியதுதான். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் அடை என்று உத்தரவு வந்தால், கம்பெனியால் தளம் முழுவதையும்தான் அடைக்க முடிகிறது. 2012-இல் உயர் நீதிமன்றம் சொன்னதை இன்று நிறைவேற்றுவது மேலும் சிரமமாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனி அடைத்த தளத்தை இன்னொரு கம்பெனி அடைத்திருக்காது. 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் ஆறு பெரிய கம்பெனிகளின் லைன்களில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட தளங்களைச் சோதித்தார்கள். அடைபட்டிருந்தவற்றில் ஆறு கம்பெனியும் ஒன்றுபோல அடைத்திருந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உத்தரவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க, அடைப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுவானேன்? பழைய பட்டியலை நீக்காமல் விடுவதும், தேவைக்கு மேல் அடைப்பதும் நடக்கின்றன என்றே தோன்றுகிறது. பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாம் என்றால், 2009 விதிகளின்படி அரசின் அடைப்பு உத்தரவுகள் ரகசியம். எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று வாடிக்கையாளர் பார்க்கலாம், கேட்கலாம். இந்தப் பட்டியலை நாம் பார்க்க முடியாது.

ஒன்றை அமுக்கவும், இரண்டை அமுக்கவும்

இனி வாடிக்கையாளர் சேவைக்கு வருவோம். நமது மொத்தக் கடையிலேயே சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால் பலருக்கும் தங்கள் கதை போலவே இருக்கும். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

நமது பில் போடும் சாப்ட்வேரைப் புதுப்பிக்கும் தளம் ஒருநாள் திறக்கவில்லை. பையனுடைய செல்போனில் திறந்தது, கடை லைனில் திறக்கவில்லை. சேவை எண்ணுக்குப் போன் செய்தோம். தமிழுக்கு ஒன்று, பில் விவரத்துக்கு இரண்டு, புதிய திட்டத்துக்கு மூன்று என்று சொல்லிக்கொண்டே போயிற்று. அமுக்கி அமுக்கி ஆளிடம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பார்ட்டிக்கு மிளகாய் மூட்டை எடை போட்டு அனுப்பிவிட்டோம். வந்த பெண் பிள்ளை மிக மரியாதையாகப் பேசினார். "ரூட்டரை அணைத்துவிட்டுப் போடுங்கள் சார்" என்றார். போட்டோம். "இப்போது வேகம் எவ்வளவு வருகிறது சார்?" என்றார். வேகம் சரியாக வருகிறது, ஒரு தளம் மட்டும் வரவில்லை என்றோம். "அப்படியானால் லைன் நன்றாக இருக்கிறது சார்" என்றார்.

மறுநாள் புகார் தீர்க்கப்பட்டது என்று செல்லுக்குச் செய்தி வந்தது. தளம் திறக்கவில்லை. மறுபடி போன், மறுபடி ரூட்டர், மறுபடி தீர்க்கப்பட்டது. இப்படி மூன்று முறை. வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் நல்ல பையன். "அண்ணாச்சி, இது மேலே பண்ணுற வேலை. எங்ககிட்ட வயர்தான் இருக்கு" என்று உண்மையைச் சொன்னார். கடைசியில் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்த பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவர் பேசினார். அந்த சாப்ட்வேர் தளம் வாடகைக்கு இருந்த எண் முகவரியிலேயே அடைக்கப்பட்ட வேறொரு தளமும் இருந்ததாம். மேலே சொன்ன வணிக வளாகத்துக் கதைதான். பதினோராம் நாள் திறந்தது.

அந்தப் பெண் பிள்ளையையோ டெக்னீஷியனையோ குறை சொல்வதில் பயனில்லை. அவர்கள் கையில் இருக்கும் தாளில் லைன் இருக்கிறதா, வேகம் இருக்கிறதா, பணம் கட்டியாயிற்றா என்ற கேள்விகள்தாம் இருக்கின்றன. எந்தத் தளம் அடைக்கப்பட்டது என்ற கேள்வியே அந்தத் தாளில் இல்லை. ஆகவே அங்கேயே நின்று சத்தம் போடுவதைவிட, மேல்படிக்கு ஏறும் வழியைத் தெரிந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். அதே தளத்தை வேறு கம்பெனியின் செல்போனிலும், பக்கத்துக் கடை லைனிலும் திறந்து பாருங்கள். எங்குமே திறக்காவிட்டால் அது தளத்தின் கோளாறாக இருக்கலாம். 20-ஆம் தேதி மாலையில் ஜி.எஸ்.டி. தளம் திணறுவது கூட்டத்தால். அதற்கு லைன் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. நம் லைனில் மட்டும் திறக்காவிட்டால் கம்பெனியைக் கேட்க வேண்டும்.

2. திரையைப் படம் எடுத்து வையுங்கள். என்ன செய்தி வந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி என்பது அதில் தெரிய வேண்டும். வேறு லைனில் திறந்ததற்கும் ஒரு படம் எடுத்து வைத்தால் நம் பக்கம் சாட்சி பலமாகும்.

3. சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்களைப் போட்டுவைத்துப் பணம் பறிக்கும் கூட்டம் இருக்கிறது. பில்லில் அச்சிட்ட எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். சேவை ஆள் எவரும் ஓ.டி.பி. கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

4. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் டிராய் விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தர வேண்டும். "லைன் வேலை செய்யவில்லை" என்று பதியவிடாதீர்கள். "இன்ன தளம் இன்ன தேதி முதல் அடைபட்டுள்ளது. எந்த உத்தரவின்படி அடைக்கப்பட்டது?" என்று பதியச் சொல்லுங்கள். இதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

5. தீர்வு கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும் என்பது அதே விதி. 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கேபிள் டி.வி. நடத்துபவர் மூலம் லைன் வாங்கியிருந்தால், பில்லில் உரிமம் பெற்ற எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ அதற்கு எழுதுங்கள்.

6. அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையின் பெயருக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். டிராய் அலுவலகம் தனி மனிதர் புகாரை நேரடியாகத் தீர்ப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

7. நஷ்டம் பெரிதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகள் அங்கே செல்லாது என்று முன்பு கம்பெனிகள் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. நாம் கவனிக்க வேண்டியது, வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துபவருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குத் தருகிறது. தானே கல்லாவில் உட்காரும் சிறு கடைக்காரர் அதைச் சொல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

8. ஒரே லைனை நம்பி வியாபாரம் செய்யாதீர்கள். கடைக்கு ஒரு கம்பெனி லைன் என்றால் செல்போனில் வேறு கம்பெனி சிம் வைத்திருங்கள். இ-வே பில்லை முன்கூட்டி எண்ணைப் பதிந்துவைத்தால் எஸ்.எம்.எஸ். மூலமும் போடலாம். இ-வே பில் இல்லாமல் சரக்கு மடக்கப்பட்டால் வரியைப்போல இருமடங்கு வரை அபராதம் கட்ட நேரும். கடைசி நாள், கடைசி மணி என்று காத்திருக்கும் பழக்கத்தையும் விடுவது நல்லது.

9. அடைத்த தளத்தைத் திறந்து தருகிறேன் என்று இலவச வி.பி.என். போட்டுத் தர இளைஞர்கள் வருவார்கள். நம் பார்சல் முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவர் குடோன் வழியாக அனுப்புவதற்குச் சமம் அது. அதே கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் இருக்கும்போது அந்த வேலை வேண்டாம்.

சங்கம் செய்ய வேண்டியது

தனி ஒருவர் எழுதினால் அது ஒரு புகார். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று ஐம்பது கடைக்காரர்கள் ஒரே வாரத்தில் ஒரே தளத்தைப் பற்றி எழுதினால், கம்பெனியில் விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து உட்காருவார். ஆகவே நம் சங்க அலுவலகத்தில் இதற்கென ஒரு பேரேடு வைக்கலாம் என்பது நமது யோசனை. தளத்தின் பெயர், லைன் கம்பெனி, தேதி, புகார் எண், எத்தனை நாளில் திறந்தது என்று ஐந்து கட்டம் போதும். ஆறு மாதத்தில் எந்தக் கம்பெனி எப்படி என்று நமக்கே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு லைன் புதுப்பிக்கும்போது அந்தப் பேரேடு நமக்குப் பேரம் பேச உதவும்.

கேட்கும் உரிமை நமக்கு உண்டா என்று சிலர் தயங்கலாம். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டை ஒட்டி அம்மாவட்டத்திலும் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையமே நிறுத்தப்பட்டது. அப்போது கேட்க நமக்குப் பிடிமானம் இல்லை. பிறகு காஷ்மீர் இணையத் தடை பற்றிய வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியாகத் தொழிலும் வணிகமும் செய்வது அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று கூறியது. இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. கடை திறக்கும் உரிமையைத் தரும் அதே பிரிவுதான் இது.

நாம் கம்பெனிகளிடம் சலுகை எதுவும் கேட்கவில்லை. எதை அடைத்தீர்கள், யார் சொல்லி அடைத்தீர்கள், சொன்னதற்கு மேல் அடைக்கவில்லையே என்ற மூன்று கேள்விக்கும் பதில் கேட்கிறோம். மாதாமாதம் வாடகை கட்டுகிறவன் கேட்கக்கூடிய கேள்விகள்தாம் இவை. நம் கடையில் எடை குறைந்தால் வாடிக்கையாளர் நம் முகத்துக்கு நேரே கேட்கிறார், நாம் மறுபடி நிறுத்துக் காட்டுகிறோம். அந்த முறை இவர்களுக்கும் வர வேண்டும். அதற்கு நண்பர்கள் ஒவ்வொருவரும் அடுத்த முறை போனை வைக்கும் முன் புகார் எண்ணை எழுதி வாங்கி, சங்க அலுவலகத்திலும் பதிந்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.